தோட்டத்துக் குளம்: தண்ணீர் கெடாமல் பார்த்துக்கொள்வது எப்படி

தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் அல்ல. அடியில் கிடக்கும் கூழாங்கல் வரை தெரிகிற குளத்தில் மீன் செத்து மிதக்கும். ஒரு சாண் ஆழத்துக்குமேல் எதுவும் தெரியாத பச்சைத் தண்ணீரில் அதே மீன் கொழுகொழுவென வளரும். மீனைக் கொல்கிற அம்மோனியா, நைட்ரைட், குளோரின் மூன்றுக்கும் தண்ணீரில் நிறம் கிடையாது என்பதுதான் காரணம். குளத்தைச் சுத்தமாக வைத்திருப்பது பிரஷ்ஷோ துடைப்பமோ இல்லை, கல்லிலும் குழாயிலும் ஃபில்டரிலும் ஒட்டி வாழும் பாக்டீரியா. அவை சமாளிக்கும் அளவுக்கு மட்டும் அழுக்கு உள்ளே போக வேண்டும், அவற்றின் இருப்பிடத்தை நாம் கலைக்கக் கூடாது. கவனிக்காமல் விட்டுக் கெட்ட குளங்கள் நிறைய. அதே அளவுக்கு, அளவுக்கு மீறிக் கழுவிக் கெட்ட குளங்களும் உண்டு.

முதலில் கொள்ளளவு

எத்தனை லிட்டர் என்று தெரியாமல் மருந்து, உப்பு, பம்ப் எதையும் கணக்கிட முடியாது. செவ்வகக் குளத்துக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்கி, வருவதை 1,000ஆல் பெருக்குங்கள். வட்டக் குளத்துக்கு விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை 0.785ஆலும் பிறகு ஆழத்தாலும், கடைசியில் 1,000ஆலும் பெருக்க வேண்டும். அடியில் அளந்திருந்தால் கன அடிக்கு 28.3 லிட்டர். கோணல்மாணலான குளமென்றால் ஐந்தாறு இடங்களில் குச்சி விட்டு ஆழம் பார்த்து சராசரி எடுங்கள். சரிவும் கல்லும் இருந்தால் கிடைத்த விடையில் 10 முதல் 15 சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள்.

புதிதாக நிரப்புகிறவர்களுக்கு இதைவிடத் துல்லியமான வழி இருக்கிறது. 20 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்துவிட்டு, குளம் நிரம்பும் நேரத்தை நொடியில் குறித்து, அதை வாளியின் நொடியால் வகுத்து 20ஆல் பெருக்கிவிடலாம். வருகிற எண்ணை ஃபில்டர் மூடியில் அழியாத மையால் எழுதி வையுங்கள். அவசரத்தில் அது தேவைப்படும். இனி வரும் கணக்குகளில் 4,000 லிட்டர் குளத்தையே எடுத்துக்கொள்வோம்.

தீனி போடும்போதே அழுக்கும் போகிறது

குளத்துக்குள் சேரும் அழுக்கில் பெரும்பங்கு நம் கையிலிருந்து போகும் தீனிதான். 35 சதவீதம் புரதம் உள்ள தீனி 100 கிராம் போட்டால் ஏறக்குறைய 3 கிராம் அம்மோனியா நைட்ரஜன் தண்ணீரில் சேரும். அதில் பெரும்பகுதி மீனின் செவுள் வழியாக வெளிவருகிறது, மிச்சம் கழிவும் தின்னாத தீனியும் அழுகி வருவது. 4,000 லிட்டரில் 3 கிராம் என்றால் லிட்டருக்கு 0.75 மி.கி. அதைத் தின்ன பாக்டீரியா இல்லாவிட்டால் சில நாளிலேயே மீனுக்கு ஆபத்தான அளவை எட்டிவிடும்.

ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும், இதன் விஷத்தன்மை மிகக் குறைவு. நைட்ரேட்டைச் செடியும் பாசியும் எடுத்துக்கொள்ளும், மிஞ்சுவதைத் தண்ணீர் மாற்றி வெளியேற்ற வேண்டும். புதுக் குளத்தில் இந்தச் சங்கிலி அமைய நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் பாக்டீரியா பெருகுவது மிகவும் மந்தப்பட்டு இன்னும் இழுக்கும். அம்மோனியா ஏறி இறங்கிய பிறகு நைட்ரைட் ஏறும், பெரும்பாலும் அது இறங்கத்தான் அதிக நாள் ஆகும். அம்மோனியா பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்துவிட்டு மீனை அள்ளிக்கொண்டு வந்து விடுகிறவர்கள் இந்த நைட்ரைட் ஏற்றத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நோயில்லாத பழைய குளம் ஒன்றின் ஃபில்டர் ஸ்பாஞ்ச் ஒரு துண்டு கிடைத்தால், அதை ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் போடுங்கள். காத்திருக்கும் வாரங்கள் கணிசமாகக் குறையும்.

தீனியின் அளவு: இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு, அவ்வளவுதான். மிதக்கும் தீனியாக இருந்தால் மிச்சத்தைக் கைவலையால் அள்ளிவிடலாம். மீன் எண்ணிக்கையிலும் ஆசைக்கு அணை போட வேண்டும். வளர்ந்த கோய் மீன் ஒன்றுக்கு 1,000 லிட்டர், தங்கமீனுக்கு 200 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் மற்ற வேலை எல்லாம் இலேசாகும். விரல் நீளத்தில் வாங்குகிற கோய் குஞ்சு, இரண்டடி வரை வளரக்கூடிய மீன் என்பதை வாங்கும்போதே நினைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை செய்யும் முறை

சோதனைக் காகிதத்தைவிடச் சொட்டு மருந்துக் கிட்டே நம்பகமானது. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு), கார்பனேட் கடினத்தன்மை (பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்கும் உப்புகளின் அளவு) என்று ஐந்தும், ஒரு வெப்பமானியும் போதும். குழாய்த் தண்ணீரை நம்பியிருக்கிறவர்களுக்குக் குளோரின் கிட்டும் தேவை.

சோதனைக் குழாயைக் குளத்துத் தண்ணீரிலேயே மூன்று முறை அலசுங்கள். முந்தைய சோதனையின் ஒரு சொட்டு மருந்து தங்கினாலும் நிறம் மாறிவிடும். தண்ணீரை மேற்பரப்பில் அள்ளாமல் ஒரு முழம் ஆழத்தில் எடுங்கள். மருந்துப் புட்டியைச் செங்குத்தாகத் தலைகீழாகப் பிடித்தால்தான் சொட்டு ஒரே அளவில் விழும், சாய்த்துப் பிடித்தால் அளவு மாறும். நைட்ரேட் கிட்டில் இரண்டாவது புட்டியின் மருந்து அடியில் இறுகிக்கொள்ளும். அதை 30 நொடியாவது பலமாகக் குலுக்காவிட்டால், உண்மையில் 80 இருக்கும் தண்ணீரிலும் 10 என்று காட்டக்கூடும். குறிப்பில் சொன்ன நிமிடங்கள் முடிந்த பிறகே, வெள்ளைப் பின்னணியில் குழாயை ஒட்டி வைத்து, பகல் வெளிச்சத்தில் நிறம் பாருங்கள். மஞ்சள் விளக்கில் பச்சைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது.

என்ன எண் வர வேண்டும்? அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். நைட்ரேட் 40 மி.கி.க்குக் கீழே. பி.எச். 7 முதல் 8.5 வரை. கார்பனேட் கடினத்தன்மை லிட்டருக்கு 100 மி.கி. அல்லது அதற்கு மேல். புதுக் குளத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறையும், நிலைபெற்ற குளத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் பாருங்கள். மீன் மந்தமானாலோ, பெருமழை பெய்தாலோ, ஃபில்டரில் கைவைத்தாலோ அன்றைக்கும் மறுநாளும் பார்த்துவிட வேண்டும்.

அம்மோனியா எண்ணைத் தனியாக வைத்துப் படிக்கக் கூடாது. கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் மீனைச் சுடுவது ஒரு பகுதி மட்டும், அந்தப் பகுதி பி.எச். ஏற ஏறப் பெருகும். 25 டிகிரி தண்ணீரில் பி.எச். 7ஆக இருந்தால் மொத்தத்தில் 0.6 சதவீதம்தான் விஷ வடிவம். பி.எச். 8ல் சுமார் 5 சதவீதம். 9ல் 36 சதவீதம். அதாவது ஒரே 1 மி.கி. அம்மோனியா, காலையில் மீனுக்குத் தெரியாமலே போய்விட்டு, வெயிலில் பாசி பி.எச்.சை ஏற்றிய சாயங்காலத்தில் செவுளைப் பொசுக்கும். பச்சைத் தண்ணீர் உள்ளவர்கள் பி.எச்.சை விடியலில் ஒருமுறையும், பொழுது சாயும்போது ஒருமுறையும் பார்த்தால்தான் முழு நிலவரம் புரியும்.

பலரும் பார்க்காமல் விடுகிற கடினத்தன்மை

நன்றாக ஓடிக்கொண்டிருந்த குளம் ஒரு வருடம் கழித்துக் காரணமே தெரியாமல் சரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கார்பனேட் கடினத்தன்மையைத்தான். பாக்டீரியா ஒவ்வொரு மி.கி. அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போதும் சுமார் 7 மி.கி. கடினத்தன்மையைச் செலவழிக்கிறது. மழைத் தண்ணீர் அதை இன்னும் நீர்க்கவைக்கும். அது தீர்ந்துபோனால் பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாமல் 6க்கும் கீழே விழும், பாக்டீரியா வேலையை நிறுத்தும், அம்மோனியா ஏறும்.

இதற்கு மருந்து சமையல் சோடா. 1,000 லிட்டருக்கு 30 கிராம் போட்டால் கடினத்தன்மை 18 மி.கி. அளவுக்கு உயரும். 4,000 லிட்டர் குளத்தில் 50 காட்டுகிறது, 100 ஆக்க வேண்டும் என்றால் சுமார் 330 கிராம். அதை மூன்று பங்காக்கி, நாளுக்கு ஒரு பங்கை வாளித் தண்ணீரில் முழுசாகக் கரைத்து, பம்ப் தண்ணீர் விழுகிற இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். சலவைச் சோடாவை மாற்றிப் போட்டுவிடாதீர்கள், அது பி.எச்.சை ஒரே தூக்காகத் தூக்கிவிடும். கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடரும் இது அல்ல, அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். வாங்கும் பொட்டலத்தில் சோடியம் பைகார்பனேட் மட்டும்தான் எழுதியிருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பி.எச். 7க்குக் கீழே விழுந்துகிடக்கும் குளத்தில் சோடாவைக் கொட்டுவதற்குமுன் அம்மோனியா பாருங்கள். அங்கே விஷமில்லாத வடிவத்தில் தேங்கியிருக்கும் அம்மோனியா, பி.எச். ஏறியவுடன் விஷமாக மாறும். அம்மோனியா இருந்தால் முதலில் சிறு சிறு தண்ணீர் மாற்றம், பிறகு சோடா. நாள்பட்ட ஏற்பாடாக, நொறுக்கிய கிளிஞ்சலை வலைப்பையில் கட்டி ஃபில்டரில் தொங்கவிடலாம். பி.எச். இறங்கும்போது மட்டும் அது மெல்லக் கரைந்து ஈடுகொடுக்கும்.

புது சிமெண்ட் குளத்தில் பிரச்சினை இதற்கு நேர் எதிர். சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து பி.எச். 10ஐத் தாண்டும். நிரப்பி ஒரு வாரம் வைத்து வடித்து, மறுபடி நிரப்பி என்று மூன்று நான்கு முறை செய்து, பி.எச். 8.5க்குள் நிலைத்த பிறகே மீன் விடுங்கள்.

தண்ணீர் மாற்றுவது

வெயிலில் வற்றியதை நிரப்புவது தண்ணீர் மாற்றம் ஆகாது. ஆவியாகும்போது தண்ணீர் மட்டும் போகிறது, நைட்ரேட்டும் உப்பும் குளத்திலேயே தங்கி அடர்ந்துகொண்டே போகும். அழுக்குத் தண்ணீரை வெளியே எடுத்துவிட்டுப் புதுசு விட்டால்தான் மாற்றம். வாரத்துக்கு 10 சதவீதம் நல்ல அளவு. நம் குளத்துக்கு 400 லிட்டர். மேலே இருக்கும் தண்ணீரை வடிக்காமல் அடியிலிருந்து சைஃபன் (தண்ணீரைத் தாழ்வான இடத்துக்கு இழுத்து இறக்கும் குழாய்) பிடித்தால் வண்டலும் சேர்ந்து வரும். அந்தத் தண்ணீர் செடிகளுக்கு நல்ல உரம்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அது செவுளையும் பாக்டீரியாவையும் ஒருசேர அழிக்கும். தொட்டியில் பிடித்து ஏர் ஸ்டோன் (ஏர் பம்பின் காற்றைச் சிறு குமிழிகளாக்கும் கல்) போட்டு ஒரு நாள் இரண்டு நாள் விட்டால் குளோரின் பறந்துவிடும். உடனே வேண்டுமானால் சோடியம் தயோசல்ஃபேட்: லிட்டருக்கு 1 மி.கி. குளோரின் இருந்தால் 1,000 லிட்டருக்கு 7 கிராம் படிகம் தேவை, 10 கிராமாகப் போட்டால் பாதுகாப்பு. குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலக்கும் ஊர்களில் தொட்டியில் வைத்தாலும் அது எளிதில் பறக்காது, மருந்து கட்டாயம். தயோசல்ஃபேட் அதன் குளோரினை முறித்துவிட்டு அம்மோனியாவை விட்டுவைக்கும். 10 சதவீத மாற்றத்தில் வரும் அந்த அம்மோனியாவை நல்ல ஃபில்டர் தின்றுவிடும், பாதிக் குளத்தை மாற்றினால் தின்னாது.

ஓஸ் குழாயைக் குளத்தில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். ராத்திரி முழுக்க குழாய் ஓடி, காலையில் மொத்த மீனும் மிதப்பது தோட்டக் குளங்களில் திரும்பத் திரும்ப நடக்கிற விபத்து. மூடத் தெரியாத குழாய்க்கு டைமர் வால்வு போடுங்கள், அல்லது தொட்டியில் பிடித்து ஊற்றுங்கள்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் குளோரின் இருக்காது. ஆனால் ஆக்சிஜன் மிகக் குறைவாகவும், கரியமில வாயு அதிகமாகவும் இருக்கும், இரும்புச்சத்தும் இருக்கலாம். அதைப் பூவாளி போலச் சிதறித் தெளிக்கவிட்டு உள்ளே விடுங்கள். எந்தத் தண்ணீரானாலும் குளத்தின் சூட்டோடு 2, 3 டிகிரிக்குமேல் வித்தியாசம் வேண்டாம்.

பம்பும் ஃபில்டரும்

பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு தண்ணீரைத் தூக்காமல் ஓடும்போது வருவது. உயரம், முழங்கை வளைவு, பாசி பிடித்த குழாய் எல்லாம் அதைத் தின்னும். ஃபில்டரிலிருந்து திரும்பி விழும் இடத்தில் 20 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். 36 நொடியில் நிரம்பினால் மணிக்கு 2,000 லிட்டர். செடியும் சில மீனும் உள்ள குளத்துக்கு இரண்டு மணி நேரத்தில் மொத்தத் தண்ணீரும் ஒருமுறை ஃபில்டரைக் கடக்க வேண்டும், அந்தக் கணக்கில் இது சரி. கோய் நிறைந்த குளத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை. இந்த வாளிச் சோதனையை மாதம் ஒருமுறை செய்து எழுதிவைத்தால், ஃபில்டர் அடைக்கிற நாளை மீன் சொல்வதற்கு முன் எண் சொல்லிவிடும்.

ஃபில்டரில் முதலில் குப்பை வடிக்கும் பிரஷ் அல்லது பெருங்கண் ஸ்பாஞ்ச், அதற்குப் பிறகு பாக்டீரியா தங்கும் பகுதி. மாற்றி வைத்தால் பாக்டீரியாப் பகுதி சேற்றில் மூச்சுமுட்டும்.

இனி, கழுவுவது. அரைவாளி குளத்துத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பாஞ்சை அதில் அமுக்கி இரண்டு மூன்று முறை பிழியுங்கள். கருப்புக் கஷாயம் போலக் குழம்பு இறங்கும். துளைகளில் தண்ணீர் தாராளமாகப் போக ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள். ஸ்பாஞ்ச் இன்னும் பழுப்பாக, விரலில் இலேசாக வழுக்கினால் அதுதான் சரியான நிலை. அந்த வழுவழுப்பு பாக்டீரியாப் படலம். அதைக் குழாயடியில் பளிச்சென்று கழுவினால் குளோரினிலும் தேய்ப்பிலும் படலம் போய், நாலு வாரக் கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நாலு ஸ்பாஞ்ச் இருந்தால் இந்த வாரம் இரண்டு, இரண்டு வாரம் கழித்து மற்ற இரண்டு. பின்பகுதியில் உள்ள வளையம், எரிமலைக் கல் போன்றவற்றை வருடத்துக்கு ஒருமுறை குளத்துத் தண்ணீரில் அலசினால் போதும்.

பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் சில மணி நேரத்துக்குமேல் போயிருந்தால் ஃபில்டருக்குள் தேங்கிய தண்ணீர் அழுக ஆரம்பித்திருக்கும். அதைக் குளத்துக்குள் திறந்துவிடாமல் முதலில் வடித்துக் கொட்டிவிட்டு பம்பைப் போடுங்கள். இரவில் பம்பை அணைத்து மின்சாரம் மிச்சப்படுத்துவது தவறான சிக்கனம். பம்ப் இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியரில் விழும் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்க வேண்டும், தண்ணீரில் கைவிடுமுன் சுவிட்சை அணைக்க வேண்டும்.

விடியற்காலை ஆக்சிஜன்

10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 11.3 மி.கி. ஆக்சிஜன் பிடித்துவைக்கும். 20 டிகிரியில் 9.1. 30 டிகிரியில் 7.5. சூடு ஏறும்போது மீனின் தேவை கூடுகிறது, தண்ணீரின் கையிருப்போ குறைகிறது. பகலில் ஆக்சிஜன் தருகிற செடியும் பாசியும் இரவில் அதையே இழுக்கும். எனவே ஆக்சிஜன் மிகக் குறைவது சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்புதான். வாரம் ஒருநாள் அந்த நேரத்தில் குளத்தைப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அதிலும் பெரிய மீன்கள் முதலில் அப்படிச் செய்தால், ஏர் பம்ப் போட்டே ஆக வேண்டும். குமிழியைவிட மேற்பரப்பைக் கலக்குவதே ஆக்சிஜனைச் சேர்க்கிறது. ஏர் ஸ்டோன் அடிநீரை மேலே தூக்குவதால்தான் அதிகம் பலன். பெரிய குளத்துக்கு ஒரே ஒரு கல்லை மூலையில் போடுவதைவிட இரண்டை எதிரெதிர் பக்கம் போடுங்கள்.

பாசி

எந்தப் பாசி என்று தெரியாமல் மருந்து வாங்காதீர்கள். வெள்ளைத் தட்டு ஒன்றை குச்சியில் கட்டித் தண்ணீரில் இறக்குங்கள். 30 செ.மீ.க்குள் மறைந்து, தண்ணீரே பச்சை மையாக இருந்தால் அது மிதக்கும் நுண்பாசி. குச்சியில் முடி போலச் சுற்றிக்கொண்டு வந்தால் நூற்பாசி. இரண்டுமில்லாமல், பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல ஏடு படிந்து, மண்ணும் அழுகலுமாக வாடை வீசினால் நீலப்பச்சைப் பாக்டீரியாவாக இருக்கலாம். கண்ணாடிப் புட்டியில் தண்ணீரை எடுத்து ஒரு ராத்திரி அசையாமல் வைத்துப் பாருங்கள், பச்சை மேலே வளையமாக ஒதுங்கினால் அந்தச் சந்தேகம் வலுக்கும். சில வகைகளில் விஷம் உண்டு. நாயையும் குழந்தையையும் அண்டவிடாமல், கையுறை போட்டு வேலை செய்யுங்கள்.

நுண்பாசிக்கு யு.வி. (புற ஊதா) விளக்கு கைகண்ட தீர்வு. 1,000 லிட்டருக்கு 2, 3 வாட் போதும். அது பாசியைக் கரைப்பதில்லை, ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது, அதைப் பிடிப்பது ஃபில்டர். எனவே முதல் வாரத்தில் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும், அடிக்கடி பிழிய வேண்டிவரும். இரண்டு வாரத்தில் தெளியாவிட்டால் மூன்றைப் பாருங்கள்: தண்ணீர் உண்மையில் விளக்கைக் கடந்து போகிறதா, உள்ளிருக்கும் குவார்ட்ஸ் குழாயில் சுண்ணாம்புப் பூச்சு படிந்திருக்கிறதா, விளக்கு பழசா. பூச்சை வினிகர் தொட்ட துணியால் துடைக்கலாம். விளக்கு 8,000, 9,000 மணி நேரத்தில், அதாவது ஏறக்குறைய ஒரு வருடத்தில், வலுவிழந்துவிடும். அதற்குப் பிறகும் நீல ஒளி வரும், பாசியைத்தான் ஒன்றும் செய்யாது. எரியும் விளக்கைக் கண்ணால் நேரே பார்க்காதீர்கள். கல்லில் ஒட்டிய நூற்பாசிக்கு யு.வி.யால் பயனில்லை, அதைச் சொரசொரப்பான குச்சியில் சுருட்டி இழுத்துத்தான் எடுக்க வேண்டும்.

பாசி மண்டிய குளத்தில் நைட்ரேட் சோதனை பூஜ்யம் காட்டினால் ஏமாறாதீர்கள். சத்து இல்லாமல் இல்லை, அத்தனையும் பாசியின் உடம்புக்குள் இருக்கிறது. அதைக் கையால் எடுத்து வெளியே போடுவதும் தண்ணீர் மாற்றம் போலத்தான். தாமிரம் கலந்த பாசிக்கொல்லிகளை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கடினத்தன்மை குறைந்த தண்ணீரில் தாமிரம் மீனையே கொல்லும், நத்தைக்கு எந்தத் தண்ணீரிலும் எமன். எந்த மருந்தானாலும் ஒரே நாளில் செத்த பாசி அழுகி, அன்றிரவே ஆக்சிஜனை உறிஞ்சிவிடும்.

நீடித்த தீர்வு நிழலும் செடியும். மேற்பரப்பில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை அல்லி இலையாலோ மிதக்கும் செடியாலோ மூடியிருந்தால் பாசிக்கு வெளிச்சம் கிடைக்காது. அல்லி, தாமரைத் தொட்டிக்குக் களிமண் கலந்த கனமான மண்ணே நல்லது. தொழுவுரமோ தேங்காய் நார்க் கழிவோ போட்டால் சத்து தண்ணீரில் கசியும். மண்ணின்மேல் ஒரு அங்குலம் ஜல்லி பரப்பினால் மீன் கிளறாது. மஞ்சளான இலையைக் காம்போடு அன்றன்றே கிள்ளுங்கள். ஆகாயத்தாமரை, வெங்காயத்தாமரை போன்றவை சத்தை வேகமாக உறிஞ்சும். ஆனால் பரப்பை மூட மூட, பாதியை வாரி வெளியே எடுத்தால்தான் அந்தச் சத்து குளத்தைவிட்டுப் போகும், விட்டால் அங்கேயே அழுகித் திரும்பிவிடும். எடுத்ததை எருக்குழியில் போடுங்கள். ஏரி, ஆறு, வாய்க்கால் பக்கம் ஒரு தண்டுகூடப் போகக் கூடாது. லைனர் (பிளாஸ்டிக் அல்லது ரப்பர் விரிப்பு) போட்ட குளத்தில் சம்பு வேண்டாம், அதன் வேர்முனை லைனரைத் துளைத்துவிடும்.

வண்டலும் வருடாந்திரச் சுத்தமும்

இலை உதிரும் பருவத்தில் குளத்தின்மேல் வலை கட்டுவது, அடியில் சேர்ந்தபின் அள்ளுவதைவிட எத்தனையோ மடங்கு சுலபம். அடியில் ஒரு விரற்கடைக்கு வண்டல் இருப்பதால் கேடில்லை. நாலு விரல் தடிமனாகி, கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகியிருக்கிறது. அப்படிப்பட்ட சேற்றை மீன் இருக்கும்போது கலக்கவே கூடாது. சைஃபனாலோ குளத்து வேக்குவத்தாலோ வாரத்துக்குக் கால்பங்கு தரையாக, ஏர் பம்ப் ஓடிக்கொண்டிருக்க, மெல்ல எடுங்கள்.

முழுசாக இறைத்துச் சுத்தம் செய்ய வேண்டிய கட்டாயம் வந்தால், வெயில் தணிந்த நாளாகப் பாருங்கள். முதல் நாள் தீனி நிறுத்தம். மேலே இருக்கும் தெளிந்த தண்ணீரில் பாதியையாவது தொட்டிகளில் சேமியுங்கள். மீனை அந்தத் தண்ணீரிலேயே நிழலில் வைத்து, ஏர் ஸ்டோன் போட்டு, மேலே வலை கட்டுங்கள். பயந்த மீன் துள்ளி வெளியே விழும். ஃபில்டர் பொருளைக் காயவிடாமல் அதே தண்ணீரில் காற்றோட்டத்தோடு வையுங்கள். தரைச் சேற்றை அள்ளுங்கள், சுவரில் படர்ந்த குட்டையான பச்சைப் பாசியைத் தேய்க்காதீர்கள், அது குளத்துக்கு நன்மை செய்யும் பாசி. சோப்பும் பிளீச்சிங் பவுடரும் கிட்டவே வரக் கூடாது. சேமித்த தண்ணீரை முதலில் விட்டு, குளோரின் நீக்கிய புதுத் தண்ணீரால் நிரப்பி, சூடு ஒத்துப்போன பிறகு மீனை விடுங்கள். அடுத்த பத்து நாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்த்துக்கொண்டே, வழக்கமான தீனியில் கால்பங்கு மட்டும்.

குளத்தின் விளிம்பு சுற்றியுள்ள தரையைவிட 5 முதல் 10 செ.மீ. உயரமாக இருந்தால் மழையில் தோட்டத்து உரமும் பூச்சிமருந்தும் உள்ளே வராது. கொசு முட்டை சூடான தண்ணீரில் ஏழு பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். அசையும் தண்ணீரும் சில கப்பி மீன்களும் போதும். மீனில்லாத குளத்துக்கு பி.டி.ஐ. பாக்டீரியா வில்லை இருக்கிறது, அது கொசுப்புழுவைக் கொல்லும், தவளைக்கும் மற்ற பெரும்பாலான உயிர்களுக்கும் கேடு செய்யாது.

அவசரத்தில்

மீன்கள் மேலே வந்து வாய்திறந்து தவித்தால், காரணம் தேடுமுன் தண்ணீரைக் கலக்குங்கள். ஏர் பம்ப், அருவி, எதுவும் இல்லாவிட்டால் வாளியால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவது. தீனியை நிறுத்துங்கள். பிறகு அம்மோனியா, நைட்ரைட், பி.எச். பாருங்கள்.

அம்மோனியா 0.5ஐத் தாண்டினால் குளோரின் நீக்கிய தண்ணீரால் 20, 25 சதவீதம் மாற்றம், தேவையானால் மறுநாளும். நைட்ரைட் ஏறியிருந்தால் மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செவுள் பழுப்பாகும். அதற்குத் தண்ணீர் மாற்றத்தோடு உப்பும் வேண்டும்: லிட்டருக்கு 1 கிராம், நம் குளத்துக்கு 4 கிலோ கல்லுப்பு. வேறு பாத்திரத்தில் கரைத்து அரைநாளில் பிரித்துப் பிரித்து ஊற்றுங்கள். சில மென்மையான செடிகள் வாடலாம். உப்பு ஆவியாகிப் போகாது, தண்ணீர் மாற்றினால்தான் குறையும், ஆகவே எத்தனை போட்டோம் என்று எழுதிவைக்க வேண்டும். ஃபில்டரில் ஜியோலைட் கல் இருந்தால் உப்பு போடுமுன் வெளியே எடுத்துவிடுங்கள். பிடித்துவைத்த அம்மோனியாவை உப்புத் தண்ணீரில் அது திரும்பக் கக்கிவிடும்.

அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் தொடர்ந்து இரண்டு நாள் பூஜ்யம் காட்டிய பிறகு தீனியைத் தொடங்குங்கள். முதல் நாள் ஒரு சிட்டிகை, மறுநாள் காலை மறுபடி ஒரு சோதனை.